கன்னியம்மாளின் தொண்டையும் ஒரு ஜோடி வஞ்சிரமும்

"பெயர்: கன்னியம்மாள். வயது: ஐம்பத்து மூன்று. தொழில்: குடும்பத் தலைவி. குரல் பயன்பாடு: குறைவு, வீட்டளவில். நோய்: இடது குரல்நாண் செயலிழப்பு."

புதுச்சேரிக்கு மேற்கே உள்ள ஒரு பெரிய மருத்துவமனையின் கணினி கன்னியம்மாளை இப்படித்தான் அறிந்து வைத்திருந்தது. பெயர் சரி, வயது ஏறக்குறைய சரி, நோய் மிகச் சரி. மற்ற இரண்டையும் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் யாரிடமாவது வாசித்துக் காட்டியிருந்தால், வேறு யாரோ கன்னியம்மாள் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு ஐஸ் உடைக்கப் போயிருப்பார்கள்.

தப்பு முழுக்க மருத்துவமனையுடையதல்ல. பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண், "அம்மா வேலைக்குப் போறாங்களா?" என்று கேட்டாள். கன்னியம்மாளின் மகன் ராஜ்கமல் தனியார் கம்பெனியில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பவன். வேலை என்றால் அவனுக்கு அதுதான். "வேலைக்கெல்லாம் போறதில்லங்க. ஹார்பருக்குத்தான் போவாங்க. இப்ப அதுவும் இல்ல, வீட்லதான் இருக்காங்க" என்றான். அந்தப் பெண் குடும்பத் தலைவி என்று தட்டிவிட்டாள். மறுத்துச் சொல்ல வேண்டியவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஆனால் அவருக்குத்தான் குரல் இல்லையே.

கன்னியம்மாள் மீன் ஏலம் விடுபவர். படகு கரைக்கு வந்ததும் மீனைக் கூடை கூடையாகத் தரையில் இறக்குவார்கள். சுற்றி வியாபாரிகள் நிற்பார்கள்: பெரிய மார்க்கெட்டில் கடை போட்டிருப்பவர்கள், காலாப்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் பெண்கள், வெளியூர் லாரிக்காரர்கள். நடுவில் நின்று விலையை ஏற்றி விடுவது கன்னியம்மாள். டீசல் என்ஜின், ஐஸ் அரைக்கும் மெஷின், காக்கா, சண்டை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல் கேட்டால் அது அவருடையது. அதை இனிமையான குரல் என்று அவரைப் பெற்றவர்களே சொன்னதில்லை. சிமெண்டுத் தரையில் தகரத்தை இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் முகத்துவாரத்தில் வந்துகொண்டிருக்கும் படகில் நிற்கிறவனுக்கும் சங்கரா மீன் என்ன விலை போகிறது என்று தெரிந்துவிடும்.

அந்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வியாபாரிகள் யாரும் வாய் திறந்து விலை கேட்க மாட்டார்கள். ஏலம் விடுபவர் ஒருவர்தான் கத்துவார். வேண்டியவர் தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் அவர் கேட்டதாகக் கணக்கு. மூன்று தரம் சொல்லிவிட்டால் தீர்ந்தது. தலையாட்டியவர் காசு கொடுத்து மீனை எடுத்தே ஆக வேண்டும். ஏலம் விட்டவர் மீனை ஒப்படைத்தே ஆக வேண்டும். முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டத் தலையை உதறிய ஒரு லாரிக்காரர் ஒரு கூடை சுறாவோடு திண்டிவனம் போனதாகச் சொல்வார்கள். ஈ என்று அவர் முறையிட்டதற்குக் கன்னியம்மாள், "ஈ தலையாட்டியிருந்தா ஈகிட்ட குடுத்திருப்பேன்" என்றாராம்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் காலையில், சளிக் காய்ச்சல் வந்து போன மறுவாரம், "ரெண்டு தரம்" என்பதற்கும் "மூணு தரம்" என்பதற்கும் நடுவில் குரல் போய்விட்டது.

கம்மவில்லை, உடையவில்லை. வாய் அசைந்தது, காற்று வந்தது. அவ்வளவுதான். வியாபாரிகள் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் மறுபடி வாயைத் திறந்தார். மறுபடி காற்று. சிரிப்பு நின்றது. அந்தத் துறைமுகத்தில் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. ஐஸ் மெஷின்காரன்கூட என்னவோ ஏதோ என்று மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தது புரையேறி, இருமி, கண்ணில் நீர் வந்தது. இருமலுக்குக்கூடச் சத்தம் இல்லை.

அடுத்த சில வாரங்களில் தொண்டைக்கு என்னென்ன ஊற்ற முடியுமோ எல்லாம் ஊற்றிப் பார்த்தார்கள். ராஜ்கமல் நேரு வீதியில் இடுப்பில் கட்டுகிற ஒலிபெருக்கியும் தலையில் மாட்டுகிற மைக்கும் வாங்கிவந்து தந்தான். கன்னியம்மாள் அதை மாட்டிக்கொண்டு துறைமுகத்தில் வாயைத் திறந்தபோது, இல்லாத குரலை அது அப்படியே பெரிதாக்கிக் கொடுத்தது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாயிற்றா என்று ஒருவர் கேட்டார். அன்றோடு மைக் வீட்டுப் பரணுக்குப் போயிற்று.

படகுக்காரர் இராமதாஸின் மீனைத்தான் கன்னியம்மாள் காலம் காலமாக ஏலம் விட்டுவந்தார். அவர் இரக்கமுள்ளவர், ஆனால் மீன் காத்திருக்காது. தற்காலிகமாக வெற்றிவேல் என்கிற இளைய ஏலக்காரனிடம் கூடைகளைக் கொடுத்தார். பிறகு வீட்டுக்கு வந்து சொன்னார்:

"இத பாரு கன்னிம்மா. வர்ற மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு படகு எறங்குற வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள கொரலு வந்துச்சுன்னா எடம் உன்னுது. வரலன்னா வெற்றிவேலுக்குத்தான் குடுக்கணும். அப்புறம் எம்மேல வருத்தப்படக்கூடாது."

கன்னியம்மாள் ஏதோ சொன்னார். என்னவென்று இராமதாஸுக்குக் கேட்கவில்லை. கேட்காததே நல்லது என்று ராஜ்கமல் பின்னால் சொன்னான்.

காது, மூக்கு, தொண்டை மருத்துவர் சுடர்விழி, நாற்பது வயதுக்காரர், வேகமாகப் பேசுபவர். தடித்த இடியாப்ப இழை போல ஒரு குழாயை மூக்கு வழியாக விட்டார். அதன் நுனியில் கேமரா. எதிரில் இருந்த டிவியில் கன்னியம்மாளின் தொண்டை தெரிந்தது. வெள்ளையாய் இரண்டு நாண்கள், கதவின் இரண்டு பக்கம் மாதிரி. ஒன்று வந்து வந்து போயிற்று. மற்றது ஓரமாய்ப் படுத்தே கிடந்தது.

"இதாம்மா ஒங்க கொரல்" என்றார் டாக்டர்.

கன்னியம்மாள் திரையைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு காற்றாலேயே சொன்னார்: "நெத்திலி அளவுகூட இல்லியே."

முப்பது வருடம் ஒரு துறைமுகத்தையே அதட்டிய சமாச்சாரம் இத்தனூண்டுதானா என்ற அதிர்ச்சியிலிருந்து அவர் மீள இரண்டு நாள் ஆயிற்று.

கழுத்துக்கும் மார்புக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி, கிட்டி ஒன்றும் இல்லை. சளிக் காய்ச்சலில் நரம்பு அடிபட்டிருக்கலாம், தானாகவே திரும்பினாலும் திரும்பும், பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். அதுவரைக்கும், படுத்துக் கிடந்த நாணுக்குள் ஒரு ஊசி போட்டு அதைக் கொஞ்சம் உப்ப வைத்தார். அறுவை இல்லை, படுக்கை இல்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே. அதில் இரண்டொரு மாதம் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற ஒரு கிசுகிசுப்பு வந்தது, மருந்து கரைந்ததும் கூடவே கரைந்தது. நரம்பு திரும்பவில்லை. தை போயிற்று, மாசி போயிற்று. சித்திரை பிறந்ததும் தடைக்காலம் ஆரம்பித்தது; விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. கன்னியம்மாள் அவற்றைப் பார்க்க வேண்டாம் என்று துறைமுகப் பக்கமே போகாமல் இருந்தார்.

"சரி, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார் டாக்டர் சுடர்விழி. "கழுத்துல சின்னதா தெறப்போம். குரல்வளை குருத்தெலும்புல ஒரு ஜன்னல் வெப்போம். அது வழியா உள்ள ஒரு சிலிக்கான் துண்டு. படுத்துக் கெடக்குற நாண அது நடுவுக்குத் தள்ளி வெச்சிரும். ரெண்டும் சேந்தா கொரல் வந்துரும்."

"முழுசா மயக்கம் குடுத்துருவீங்கள்ல டாக்டர்?" என்றான் ராஜ்கமல்.

"இல்ல. மரத்துப்போக ஊசி உண்டு, பயம் தெரியாம இருக்க லேசா ஒரு மருந்து. ஆனா அம்மா முழிச்சிருக்கணும். பேசணும். அவங்க பேசப் பேசத்தான் நான் துண்டோட அளவ வெக்க முடியும்."

"கழுத்து தெறந்திருக்கும்போதா?"

"தெறந்திருக்கும்போதுதான். மூடுன பிறகு பேசி என்ன பிரயோஜனம்?"

ராஜ்கமல் நாற்காலியைத் தேடினான். நோயாளியை எப்படித் தூங்கவைப்பது என்று மருத்துவம் நூறு வருடத்துக்கு மேல் பாடுபட்டுக் கண்டுபிடித்தது. இப்போது அதே மருத்துவத்துக்கு, நோயாளியைத் தூங்காமல் வைத்து அறுப்பதுதான் பெருமையாக இருக்கிறது. கன்னியம்மாள் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். உடம்பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே அளவு பிடித்துப் பார்த்தால்தானே ரவிக்கை சரியாக அமையும் என்பது அவருக்குத் தெரியும்.

அறுவை நாள். பச்சைத் துணிக்கு அடியில் கன்னியம்மாள். தலைமாட்டில் மயக்க மருத்துவர் மிஷேல். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். பாரீசில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு இருந்தும், வீட்டில் சாப்பிடுவது பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் டப்பா மத்தி மீனை மட்டும்தான். மீனுக்கு முள்ளும் கண்ணும் இருப்பது அவருக்குப் பிடிக்காது. தலைமாட்டில் நின்றதால் கன்னியம்மாளுக்கு அவர் தலைகீழாகத் தெரிந்தார்.

"சா வாம்மா? நல்லா இருக்கீங்களா?" என்றார் மிஷேல், பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும்.

நல்லா இருக்கிறவளை எதுக்கு இங்கே படுக்கவைத்திருக்கிறீர்கள் என்பதுபோலக் கன்னியம்மாள் பார்த்தார்.

ஜன்னல் வைத்தாயிற்று. டாக்டர் சுடர்விழி முதல் துண்டை உள்ளே பொருத்திப் பார்த்தார். "ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எண்ணுங்கம்மா."

"லாபம், ரெண்டு, மூணு, நாலு…"

மிஷேல் சட்டென்று குனிந்து மருந்தின் அளவைப் பார்த்தார். "லேசாத்தானே குடுத்தேன்? கொழம்பிட்டாங்களே."

காலாப்பட்டு மீனவர் குப்பத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் ஆயம்மா ஒருவர் ஓரமாய் நின்றிருந்தார். "கொழம்பலாம் இல்ல டாக்டர். மொத மீன நாங்க லாபம்னுதான் எண்ணுவோம். ஒண்ணுன்னு எண்ணுனா ஒண்ணோட நின்னுடும்."

அதற்குள் வேறொரு விஷயம் எல்லாருக்கும் உறைத்தது: குரல் வந்துவிட்டது. பல மாதமாகக் காற்றாய் இருந்த இடத்தில், தெளிவான, மென்மையான, குழைவான ஒரு பெண் குரல். பேச்சுப் பயிற்சி தருகிற பெண் கையிலிருந்த திரையைப் பார்த்து, "சூப்பர் மேடம்! பொம்பளைங்களுக்கு இருக்க வேண்டிய அளவுல கரெக்ட்டா நிக்குது" என்றாள். நர்சுகள் முகக்கவசத்துக்குள் சிரித்தார்கள். அறையில் ஒரே ஒருவருக்குத்தான் அதிர்ச்சி.

"இது யாரு?" என்றார் கன்னியம்மாள், அந்த இனிமையான குரலில்.

"நீங்கதாம்மா."

"நானா? போனு பண்ணா 'நீங்கள் அழைக்கும் எண்'ன்னு ஒரு பொண்ணு சொல்லுவாளே, அவ மாதிரி இருக்கு. இத வெச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?"

"நல்லாருக்கேம்மா. வீட்ல பேச இது தாராளமா போதும்."

"வீட்ல நான் எங்க பேசறேன்? வீட்ல தூங்குவேன்."

"அப்ப எங்க பேசுவீங்க?"

"ஹார்பர்ல. ஏலம் போடறவ நான்."

டாக்டர் சுடர்விழியின் கை அந்தரத்தில் நின்றது. சுவரில் மாட்டியிருந்த திரையில் "குடும்பத் தலைவி" என்று இருந்தது. அவர் அதை ஒரு தடவை பார்த்தார். திறந்த கழுத்தை ஒரு தடவை பார்த்தார். கோபப்படுவதா, யார் மேல் கோபப்படுவது என்று முடிவு செய்ய அது நேரமில்லை.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

"எத வெச்சி சொல்றது?"

டாக்டர் காரியத்தைப் பார்த்தார். "சரி. ஹார்பர்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க. ஆனா மெதுவா."

கன்னியம்மாளுக்கு அந்த இரண்டையும் சேர்த்துச் செய்யத் தெரியாது. மூச்சை இழுத்தார், விட்டார். இனிமையான குரல் பாதி உயரம் ஏறி, அங்கே காற்றாய்ப் பிரிந்து போயிற்று. டாக்டர் கேமராத் திரையைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார். மெல்லப் பேசும்போது சேர்கிற நாண்கள், கத்தும்போது பின்பக்கம் இடைவெளி விடுகின்றன. துண்டை எடுத்தார். அடுத்த அளவை வைத்தார். அது போதவில்லை, அதற்கும் அடுத்ததைக் கொஞ்சம் செதுக்கிப் பின்னால் தள்ளி வைத்தார்.

"இப்ப?"

"ஏய்" என்றார் கன்னியம்மாள். தகரம் தரையில் உராய்ந்தது.

பேச்சுப் பயிற்சிப் பெண்ணின் திரையில் கோடு எங்கெங்கோ போயிற்று. "மேடம், இது நார்மல்லயே இல்ல."

"அம்மா, நல்லா கேட்டுக்கங்க" என்றார் டாக்டர். "இதுல சத்தம் வரும். ஆனா கரகரப்பு இருக்கும். மாடி ஏறுனா மூச்சு கொஞ்சம் வாங்கும். அந்த அழகான கொரல் வராது. எது வேணும்? இப்பவே சொல்லணும்."

"அழகுக்கு யாரு வெல குடுக்குறா?"

"சரி, கடைசியா ஒரு தடவ. முழுசா போட்டுப் பாருங்க. நான் தெச்சு மூடிட்டா அப்புறம் மாத்த முடியாது."

கன்னியம்மாள் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தார். அந்தக் கடைசித் தடவையில்தான் அவர் இடம் இருந்தது, படகு இருந்தது, இராமதாஸின் வாக்கு இருந்தது. சும்மா கத்திப் பார்க்க அவருக்குத் தெரியாது. கூடை வேண்டும், மீன் வேண்டும். மனசுக்குள் ஒரு ஜோடி வஞ்சிரத்தைத் தரையில் இறக்கினார்.

"வஞ்சிரம்! ஜோடி வஞ்சிரம்! செவுள பாரு, ரத்தம் மாதிரி இருக்குது! ரெண்டாயிரம்… ரெண்டாயிரம்… யாரு?"

பக்கத்து அறுவை அறையிலிருந்து யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். வெளியே நடையில் உட்கார்ந்திருந்த ராஜ்கமல் எழுந்து நின்றுவிட்டான். "எங்கம்மா… ஏலம் போடுறாங்க" என்றான். பக்கத்தில் இருந்தவர் அவனுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

உள்ளே ஒரு சின்ன விபத்து நடந்துகொண்டிருந்தது. நோயாளியின் நாடித்துடிப்பு ஏறியதைப் பார்த்த நர்ஸ், பரவாயில்லையா என்று கேட்பதற்காக மிஷேலைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"ரெண்டாயிரத்து ஐந்நூறு நர்ஸம்மா!"

பரவாயில்லை என்று மிஷேல் பதிலுக்குத் தலையாட்டினார்.

"மூவாயிரம் டாக்டரு! மூவாயிரம்… நர்ஸம்மா, இன்னா? போதுமா?"

நர்ஸ் ஒன்றும் புரியாமல் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூவாயிரம் ஒரு தரம்… மூவாயிரம் ரெண்டு தரம்…"

இந்த இடத்தில்தான் பல மாதம் முன்னால் குரல் போயிருந்தது. ஆயம்மா சேலை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"மூணு தரம்! தலமாட்டு டாக்டருக்கு!"

நர்ஸ் சிரித்தாள், பயிற்சிப் பெண் சிரித்தாள், ஆயம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். டாக்டர் சுடர்விழி சிரிக்கவில்லை. அவர் கை கன்னியம்மாளின் குரல்வளையில் இருந்தது. "யாரும் சிரிக்காதீங்க, நானும் சிரிச்சிடுவேன்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. மிஷேல் மட்டும், "நான் என்ன செஞ்சேன்?" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் குரல் மறுபடி இல்லை. ராஜ்கமல் அலறிக்கொண்டு ஓடினான். "வீங்கியிருக்கு, வத்துனா வந்துரும், அதுவரைக்கும் ஒரு வார்த்த பேசக்கூடாது" என்றார் டாக்டர். வராவிட்டால் என்று அவன் கேட்டதற்கு, "பெரும்பாலும் வந்துரும்" என்றார். 'பெரும்பாலும்' என்ற சொல் ராஜ்கமலை அன்று முழுக்கச் சாப்பிடவிடவில்லை.

கன்னியம்மாளுக்குக் கவலை வேறு. வீட்டுக்கு வந்ததும் இரண்டு கையையும் நீளமாக விரித்துக் காட்டினார். பிறகு தலைமாட்டைக் காட்டினார். பிறகு இரண்டு விரல். மகனுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்தபோது நம்ப முடியவில்லை.

"ம்மா! அது சும்மா டெஸ்ட்டுக்கு. அவரு தலையாட்டுனது நர்ஸுக்குன்னு அவங்களே சொன்னாங்க. மீனே இல்ல அங்க!"

கன்னியம்மாள் அவனைப் பார்த்த பார்வையில் திண்டிவனம் போன லாரிக்காரர் இருந்தார்.

தடைக்காலத்தில் பெரிய படகுகள் போகாது. சின்ன ஃபைபர் படகுகள் கொண்டுவருவதுதான் மீன். அதனால் வஞ்சிரம் தங்கம் மாதிரி இருக்கும். அந்த வாரமே ஒரு நாள் காலை, கழுத்தில் பிளாஸ்திரியோடு கன்னியம்மாள் தேங்காய்த்திட்டுக்குப் போனார். வெற்றிவேல் ஏலம் விட்டுக்கொண்டிருந்தான். ஒரு ஜோடி வஞ்சிரம் இறங்கியது. விலை ஏறியது. கூட்டத்தின் பின்னால் ஒரு தலை ஆடியது.

வெற்றிவேல் வாயைப் பாதியில் நிறுத்தினான். அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே அந்தத் தலையின் சொந்தக்காரர்தான். அவர் தலையாட்டி அவன் பார்த்ததில்லை.

"யக்கா? நீயா கேக்குற?"

தலை ஆடியது.

"தடைக்காலம்க்கா. வெலைய பாத்தியா?"

தலை ஆடியது.

"மூணு தரம்… அக்காவுக்கு" என்றான். விலை நாலாயிரத்துக்கு மேல் போயிருந்தது.

தையல் பிரிக்கிற நாள் அது. மீனை ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து, ராஜ்கமலின் வண்டியில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். மிஷேல் கார் நிறுத்துமிடத்தில் வந்து இறங்கியபோது எதிரே பெட்டி திறந்தது. இரண்டு வஞ்சிரம், தலையோடு, கண்ணோடு, அவரை நேராகப் பார்த்தன. அவர் ஒரு அடி பின்னால் போனார்.

"ஐயோ, எதுக்கும்மா இதெல்லாம்? நாங்க எங்க கடமையத்தானே செஞ்சோம்" என்றார். மனசுக்குள் கொஞ்சம் உருகியும் போயிருந்தார். மீனைத் தொடாமல் கன்னியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கன்னியம்மாள் அந்தக் கையை மெல்ல விலக்கி, தன் உள்ளங்கையை அவர் முன் நீட்டினார். மூன்று விரலைத் தூக்கினார்.

"என்ன சொல்றாங்க?"

ராஜ்கமல் தரையைப் பார்த்தான். "மூவாயிரம், டாக்டர்."

"என்ன மூவாயிரம்?"

"நீங்க கேட்ட வெல."

மிஷேலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. "நான் தலையாட்டினது நர்ஸுக்கு!"

"சொன்னேன் டாக்டர். ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

"நான் இந்த மாதிரி மீன் சாப்பிடுறதே இல்லயேப்பா. சரி, நன்றிக்குக் குடுக்குறாங்கன்னா வாங்கிக்கறேன்."

கன்னியம்மாள் வேகமாகத் தலையை ஆட்டினார், இந்த முறை இல்லை என்று. பெட்டியை மூடி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் சேர ஆரம்பித்தது. காவலாளி வந்தார், கதையைக் கேட்டார், "தலையாட்டுனீங்களா சார்?" என்று மிஷேலையே கேட்டார். அவரும் வம்பாகீரப்பாளையத்து மீனவர் குடும்பமாம். மிஷேல் பர்ஸை எடுத்தார்.

அன்று மாலை அவருடைய மனைவி ஒரேலி ஆள் வைத்து மீனை வெட்டி வறுத்தார் என்றும், டப்பா மத்தி அலமாரியிலேயே இருந்தது என்றும் கேள்வி. மருத்துவமனையோ தன் பங்குக்கு ஒரு படத்தை இணையப் பக்கத்தில் போட்டது: "நவீன குரல் அறுவை சிகிச்சையால் பயனடைந்த குடும்பத் தலைவி ஒருவர், நெகிழ்ச்சியுடன் மருத்துவருக்கு மீன் வழங்கி நன்றி தெரிவித்தார்." படத்தில் கன்னியம்மாள் ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை யாரும் கவனிக்கவில்லை.

ஆனி பிறந்ததும் தடை முடிந்தது. படகுகள் கடலுக்குப் போய் நிறைந்து திரும்பின. இராமதாஸின் படகு கட்டியதும் வெற்றிவேல் ஒரு பக்கமும் கன்னியம்மாள் ஒரு பக்கமும் நின்றார்கள். குரல் வந்திருந்தது, ஆனால் பழைய குரல் முழுசாக இல்லை. முகத்துவாரம் வரை போகாது, ஐஸ் மெஷின் வரை போகும். அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வெற்றிவேலின் குரல் இளமையானது, தூரம் போகும். கூடையை எந்தப் பக்கம் இறக்குவது என்று படகில் நின்ற ஆட்கள் முதலாளியைப் பார்த்தார்கள்.

இராமதாஸ் மருத்துவமனைப் படத்தைப் பார்த்திருந்தார். அதுதான் அவருக்கு உறுத்தலாக இருந்தது.

"டாக்டருக்கு மீன சும்மா குடுத்துட்டியாமே கன்னிம்மா?"

"எவன் சொன்னான் மாமா?"

"போன்ல போட்டிருக்கான்."

"காசு வாங்கனேன். மூணு தரம் சொன்ன வெலைக்கு ஒரு ரூபா கொறைக்கல."

"மீன எங்கருந்து எடுத்த?"

வெற்றிவேல்தான் பதில் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அதே துறைமுகத்தில் நின்றுகொண்டு அவனால் முடியவில்லை. "எங்கிட்டதான் மாமா எடுத்துச்சு. தடைக்கால வெலைக்கு. அதுக்கு நட்டம்தான்."

இராமதாஸ் கன்னியம்மாளைப் பார்த்தார். "நட்டத்துக்குக் குடுத்தும் காசு வாங்கிட்டியா?" என்றார், அதிர்ச்சி தாங்காமல்.

"வாங்கலன்னா அது ஏலமா மாமா?"

இராமதாஸ் படகுப் பக்கம் திரும்பினார். "இன்னாடா பாத்துக்கினு நிக்கிறீங்க? எறக்கு. அந்தப் பக்கம்."

கூடைகள் கன்னியம்மாளின் காலடியில் இறங்கின. குரல் எட்டவில்லையே என்று பின்வரிசைக்காரர்கள் முன்னால் நெருங்கி வந்து நின்றார்கள். முதல் மீனை லாபம் என்று எண்ணினார்கள்.

மருத்துவமனையின் கணினியில் அவர் இன்னமும் குடும்பத் தலைவிதான், வீட்டளவில் பேசுபவர். கன்னியம்மாள் செய்தது இது: கழுத்து திறந்திருந்தபோது, கையில் இல்லாத ஒரு ஜோடி வஞ்சிரத்தை ஏலம் விட்டார். பிறகு மீனை விலைக்கு வாங்கி, தலையாட்டியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, சொன்ன விலையை வாங்கிக்கொண்டு வந்தார்.